கட்டுத்தறிக்கு மேல ஒரு கம்பி

சென்னியம்மாள்: வாசப்படியிலயே எத்தன நேரம் நிப்பே? உள்ள வா, இல்லீனா போ.

வேலுமணி: இல்லீங்க்கா... ஒண்ணு கேட்டுப்போட்டுப் போயர்றேன்.

சென்னியம்மாள்: கம்பிதானே? லைன்மேன் சின்னுசாமி காத்தாலயே சொல்லீட்டான்.

வேலுமணி: நம்மூருக்கும் மேட்டூர்க் கரண்டு வந்திருச்சுங்க. கம்பம் உங்க வாசல்ல நிக்குது. அங்கிருந்து பக்கத்துல எங்கூட்டுக்கு இழுக்கோணும்னா, உங்க கட்டுத்தறிக்கு மேலதான்...

சென்னியம்மாள்: என்ற எருமைக தலைமேலயா!

வேலுமணி: இருவதடி ஒசரத்துலீங்க்கா. எங்கூட்டுச் சுவத்துல இரும்புக் குழாய் நட்டு, அதுல கம்பியக் கட்டி, மீட்டருக்கு எறக்குவாங்க. அப்பறம் சுவிட்சு...

சென்னியம்மாள்: அறுந்து விழுந்து சோளத்தட்டுப்போர் பத்திக்கிட்டா?

வேலுமணி: விழுகாதுங்க. தாங்கிப் புடிக்கத் தனியா ஒரு கம்பி கூடவே வரும். மாமங்கிட்டயும் ஒரு வார்த்த...

சென்னியம்மாள்: அவுரு நாஞ் சொன்னாத் தலையாட்டுவாரு. நீ சொல்லு. ஆறு வருசமா ஒரு வாய்த் தண்ணி குடிக்க வராதவன், கம்பிக்கு வந்து நிக்கறே.

வேலுமணி: அக்கா...

சென்னியம்மாள்: உன்ற கண்ணாலத்துல இணைச்சீர் செய்யக் கூடப்பொறந்தவ நான் இருந்தேன். கைப்புள்ளைக்குக் காய்ச்சல்னு சேலத்துக்குப் போயிட்டு, வண்டியப் பத்தீட்டு வந்தேன். அதுக்குள்ள பெரியப்பன் மக சௌந்திரத்த உக்கார வெச்சுச் செஞ்சுபோட்டே!

வேலுமணி: முகுர்த்தம் தவறுதுன்னு பெரியவங்க அவசரப்படுத்துனாங்க... நான் வாயே தொறக்கல. எங்கக்கா வரட்டும்னு எந்திரிச்சிருக்கோணும். தப்புத்தாங்க்கா.

சென்னியம்மாள்: ...இத அன்னிக்கே வந்து சொன்னா என்ன?

வேலுமணி: உங்க மொகத்துல முழிக்கப் பயமுங்க.

சென்னியம்மாள்: அட, அழுகாதடா கிறுக்கா. கம்பிய இழுத்துக்க. எருமைகளத் தள்ளிக் கட்டிக்கறேன்.

வேலுமணி: அப்பாடா... இப்பத்தான் மூச்சே வருதுங்க்கா.

சென்னியம்மாள்: உக்காரு. சோறு போடறேன்.

வேலுமணி: ஒரு நெசம் சொன்னா வைய மாட்டீங்களே? எங்கூட்டுக்குப் பொறத்தால சந்துலயும் ஒரு கம்பம் இருக்குது. ஆரையுங் கேக்காம அதுலிருந்தே இழுத்துக்கலாம்னான் சின்னுசாமி. நாந்தான், எங்கக்கா ஊட்டு மேலயே வரட்டும்னுட்டேன்.

சென்னியம்மாள்: திருட்டுப்பயலே! அப்ப நானும் சொல்லீர்றேன். இந்தக் கம்பத்த உன்ற வாசல்ல நடத்தான் கரண்டுக்காரங்க மொதல்ல கோடு கிழிச்சாங்க. நீ காட்டுக்குப் போயிருந்த நேரம் பாத்து, அவங்களுக்குக் கோழியடிச்சுச் சோறு போட்டு, எங்கூட்டு முன்னால நட வெச்சதே நாந்தான். வேற எந்தச் சாக்குல நீ இங்க வருவே, சாமி?