வராதவர்களின் பெயரை வாசித்த எங்கள் பெரிய டீச்சருக்கு

முத்துக்குப் பேர்போன கரையில் உப்புக்கு உழைப்போரின் பிள்ளைகளைத் தேடித் தேடி வகுப்பில் அமர்த்திய தலைமை ஆசிரியை திருமதி ஈவாஞ்சலின் அவர்களே! சட்டத்தைச் சாந்தமாகவும் சத்தியத்தைச் சத்தமில்லாமலும் சொல்லத் தெரிந்தவரே! கையில் வருகைப் பதிவேடும் கைப்பையில் வேதாகமமுமாக முப்பத்து நான்கு ஆண்டுகள் நடந்து, இரண்டையும் ஒரே கண்ணால் வாசித்த எங்கள் பெரிய டீச்சரே! உப்பளக்கரை மிஷன் நடுநிலைப் பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலரும் சத்துணவுப் பணியாளர்களும் ஒன்றுகூடி உங்களை வணங்கி, இம்மடலை உங்கள் முன் வாசிக்கிறோம்.

சாத்தான்குளம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இடைநிலை ஆசிரியையாகத் தொடங்கினீர்கள். சாயர்புரத்துக்கு அருகே பதினான்கு ஆண்டுகள் பணியாற்றினீர்கள். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளை எங்களுக்குக் கொடுத்தீர்கள். கூரை ஒழுகிய ஆறாம் வகுப்பறை இப்போது ஒழுகுவதில்லை. குடிநீர்த் தொட்டிக்கு மூடி வந்தது. இப்படியே அடுக்கிக்கொண்டு போகலாம்தான். ஆனால் "சாதனைப் பட்டியல் வாசிச்சா தூங்கிருவேன், நடந்ததைச் சொல்லுங்க" என்று போன வாரமே எச்சரித்துவிட்டீர்கள். ஆகவே நடந்ததைச் சொல்கிறோம்.

முதலில் உங்கள் வருகைப் பதிவேடு எப்படி வேலை செய்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. எந்தப் பள்ளியிலும் காலையில் பெயர் வாசிப்பார்கள். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு ஒரு கோடு. அத்தோடு பதிவேட்டை மூடிவிடுவார்கள். உங்களுக்கு அந்தக் கோடு வேலையின் தொடக்கம். யார் வந்தார், யார் வரவில்லை, ஏன் வரவில்லை: இந்த மூன்று கேள்விக்கும் பதினொரு மணிக்குள் பதில் வந்தாக வேண்டும். ஏழாம் வகுப்பு மாணவிகள் மூன்று பேர் புதன்கிழமை தோறும் வராமலிருந்ததை நாங்கள் சோம்பல் என்று எழுதினோம். நீங்கள் அவர்கள் தெருவுக்குப் போய்ப் பார்த்தீர்கள். தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவது புதன் காலை ஒன்பது மணிக்கு. பெற்றோர் விடியுமுன்னே உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். குடத்தோடு வரிசையில் நிற்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஊராட்சி அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்து, லாரியின் நேரத்தை மாலைக்கு மாற்றினீர்கள். மூன்று கோடுகளும் மறைந்தன. யாரையும் திட்டவில்லை.

வேதத்தையும் நீங்கள் அப்படித்தான் வாசித்தீர்கள். நம் வட்டாரச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் சார்பில் உப்பளத் தொழிலாளர் தெருவில் செவ்வாய்க்கிழமை மாலை நீங்கள் நடத்திய வேதபாட வட்டத்துக்கு எங்களில் பலர் வந்திருக்கிறோம். நூறு ஆட்டில் ஒன்று காணாமற்போன கதையை எல்லாரும் மேய்ப்பனின் அன்பில் தொடங்குவார்கள். நீங்கள் கேட்டது வேறு: ஒன்று குறைந்தது அவனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணியிருக்கிறான். சாயங்காலம் மந்தையை அடைக்கும்போது ஒவ்வொன்றாக எண்ணாதவனுக்குத் தொண்ணூற்று ஒன்பதும் நூறும் பார்வைக்கு ஒன்றுதான். அன்பு என்பது முதலில் எண்ணிப் பார்ப்பது என்று நாங்கள் அன்று கற்றோம். திராட்சைத் தோட்டத்துக்குக் கடைசி மணியில் வந்த கூலிக்காரர்களின் கதையிலும், அதுவரை அவர்கள் ஏன் சந்தையில் நின்றார்கள் என்று கேட்டீர்கள். ஒருவரும் கூப்பிடவில்லை, அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். நியாயம் என்ற பெரிய சொல்லைத் தொடாமலே நியாயத்தைப் பேசினீர்கள்.

ஆனால் அந்த வட்டத்தில் மிகப் பெரிய பாடத்தை நடத்தியவர் நீங்கள் அல்ல என்று நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. திருவிருந்தைப் பற்றிப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய பகுதியை வாசிக்கும்படி உப்பளத் தொழிலாளி ஜெயசெல்வியிடம் கொடுத்தீர்கள். கோயிலில் அந்தப் பகுதியை எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்பது வழக்கமாய் ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமையும் அளத்துக்குப் போகிற ஜெயசெல்விக்கு அது தெரியாது. பத்தி தொடங்கும் இடத்திலிருந்து வாசித்தார். அங்கே வேறு செய்தி இருந்தது. கூடிச் சாப்பிட வருகிறவர்களில் முந்தி வந்தவர் தம் சாப்பாட்டை முந்தித் தின்றுவிடுகிறார். ஒருவர் பசியாயிருக்க இன்னொருவர் குடித்து வெறித்திருக்கிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்று பவுல் கடிந்துகொள்கிறார்.

ஜெயசெல்வி விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "டீச்சர், இது நம்ம அசனம்லா?"

பக்கத்தில் இருந்தவர், "ஏளா, அங்கனயும் நமக்கு ரசந்தான் மிச்சம்போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

வெளியூரிலிருந்து இந்த விழாவுக்கு வந்திருப்போருக்காக ஒரு விளக்கம். அசனம் என்பது எங்கள் சபைகளில் ஆண்டுக்கு ஒருமுறை ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் விருந்து. ஒன்றாக உட்காரமாட்டேன் என்றிருந்தவர்களை ஒன்றாக உட்காரவைப்பதே அதன் பொருள். எங்கள் சபையில் அது ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடக்கும். பந்தி நண்பகல் பன்னிரண்டுக்கு. ஆகஸ்டில் வெயில் முறுகியிருக்கும், பாத்திகளில் உப்பு விளைந்து நிற்கும், அன்றன்று வாரியாக வேண்டும். ஆகவே அளத்தில் வேலை செய்யும் எங்கள் சபையார் இருபத்தாறு பேர் வந்து சேர இரண்டு மணி தாண்டிவிடும். கறியும் கத்தரிக்காயும் கலந்த குழம்பு அதற்குள் தீர்ந்திருக்கும். ஆண்டாண்டாக அவர்கள் உண்டது அடிச்சோறும் ரசமும். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல, கடிகாரம் செய்தது.

கொரிந்திலும் அதுதான் நடந்தது என்று அடுத்த வாரம் விளக்கினீர்கள். இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே இருந்த ஊர் அது. ஒரு கடலில் இறக்கிய சரக்கைத் தரைவழியே இழுத்துப்போய் மறு கடலில் ஏற்றுவார்கள். சபை கூடியது வசதி உள்ளவர் வீட்டில். வீட்டுக்காரரும் நண்பர்களும் பொழுதோடு உட்கார்ந்திருப்பார்கள். சுமை இழுத்தவரும் அடிமையாய் இருந்தவரும் எசமான் விட்ட பிறகுதான் வர முடியும். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் முடிப்பது இதைப் பார்த்துத்தான். துறைமுகத்து ஊர்க்காரர்களான நமக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை. "இருபது வருஷமா இந்தப் பக்கத்த வாசிக்கேன். நடுவுல தொடங்கி நடுவுலயே முடிச்சிருக்கேன்" என்று அந்தத் தெருவின் நடுவில் ஒப்புக்கொண்டீர்கள். தலைமை ஆசிரியை ஒருவர் தம் தவற்றை இத்தனை நிதானமாகச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

பிறகு சேகரக் கமிட்டிக்குப் போனீர்கள். பந்தியை இரண்டரை மணிக்கு வைக்கக் கேட்டீர்கள். அசனச் சமையலின் பொறுப்பாளர் டேவிட்சன் அண்ணாச்சி நல்லவர். அவர் சொன்ன தடையும் நல்ல தடை. "டீச்சர், வசனம் காத்திருக்கும். சோறு காத்திருக்காது." எண்ணூறு பேருக்கான சோற்றை நான்கு கொப்பரையில் மாற்றி மாற்றி விடியற்காலையிலிருந்து வடித்துப் பாயில் கொட்டுவார்கள். அது இரண்டரை வரை கிடந்தால் கட்டிதட்டிவிடும். சர்க்கரை வியாதிக்காரர்களும் முதியவர்களும் அதுவரை பசி தாங்க மாட்டார்கள். வேண்டுமானால் அளத்துக்காரர்களுக்கு முன்கூட்டியே எடுத்துவைத்துவிடலாம் என்றார்கள். அது பலருக்கும் நியாயமாகத்தான் பட்டது. நீங்கள் ஜெயசெல்வியிடம் போய்க் கேட்டீர்கள். அவர் சொன்ன பதிலைக் கமிட்டியில் அப்படியே திருப்பிச் சொன்னீர்கள்: "எடுத்து வச்சா அது பார்சலு. காத்திருந்தாத்தான் பந்தி."

சோற்றுக்கு விடை நம் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் இருந்தது. சமையலர் சுடலைச்செல்வி வேதம் வாசித்தவர் அல்லர். அவர் வீட்டில் கும்பிடுவது சுடலைமாடனை. நீங்கள் கணக்கைச் சொன்னதும் அரிசியைக் களைந்துகொண்டே சொன்னார்: "சோறு வேகுததுக்கு நேரம் ஆவாது டீச்சர். தண்ணி காயுததுக்குத்தான் நேரம் ஆவும்." விடியலிலிருந்து வடிக்க வேண்டியிருந்தது கொப்பரை போதாததால். பக்கத்துச் சபைகளிலிருந்து இன்னும் எட்டுக் கொப்பரை வாங்கி, பன்னிரண்டிலும் தண்ணீரைக் கொதிநிலையில் வைத்துக்கொண்டால், அரிசி போட்ட அரைமணியில் எல்லாச் சோறும் ஒரே ஈடாக இறங்கிவிடும். அளத்திலிருந்து லோடு ஆட்டோ கிளம்பி, வந்தவர்கள் கை கால் கழுவ முக்கால் மணி ஆகும். கிளம்பும்போது ஒரு போன். போன் வந்ததும் அரிசி. முதியோருக்கும் மாத்திரை போடுவோருக்கும் நண்பகலில் பயற்றங்கஞ்சி. எத்தனை எளிது! அத்தனை ஆண்டும் யாரும் கேட்காததால் யாருக்கும் தோன்றாத எளிமை.

கமிட்டி ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டது. ஓராண்டு பார்ப்போம், குளறுபடியானால் பழைய நேரமே நிலைக்கும், செவ்வாய்க்கிழமை வட்டத்தையும் வேறொருவர் நடத்துவார். அந்த வட்டம் உங்களுக்கு என்னவென்று எங்களுக்குத் தெரியும். கணவர் மறைந்த வாரத்தில்கூட நீங்கள் தவறவிடாத ஒரே கூட்டம் அது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

அந்தச் சனிக்கிழமை ஒன்றரைக்கு ஜெயசெல்வியின் போன் வந்தது. அரிசி விழுந்தது. இரண்டுக்குச் சோறு வடிந்தது. இரண்டேகாலுக்கு இலை போட்டாகிவிட்டது, எண்ணூறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். லோடு ஆட்டோ வரவில்லை. உப்பளப் பாதையில் டயர் பஞ்சர், மாற்று டயர் இல்லை, ஆட்கள் நடந்து வருகிறார்கள் என்று மறு போன். இரண்டரை ஆனது. சோற்றிலிருந்து ஆவி அடங்கத் தொடங்கியது. பின்வரிசையில் சிலர் எழுந்தார்கள். டேவிட்சன் அண்ணாச்சி கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு உங்களையே பார்த்தார்.

நீங்கள் ஒலிபெருக்கிக்குப் போனீர்கள். பிரசங்கம் செய்யப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தோம். அளத்துக்காரருக்கு இலை எண்ணுவதற்காக அவர்கள் பெயரை எழுதிவைத்திருந்த தாளை எடுத்து, பள்ளியில் வாசிப்பதுபோலப் பெயர் வாசித்தீர்கள். முதல் இரண்டு பெயருக்குப் பதில் இல்லை. மூன்றாவது பெயருக்கு அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வரல டீச்சர், நடந்து வாரா" என்றார். அடுத்த பெயருக்கு நான்கைந்து குரல்கள். எழுந்து நின்றவர்களில் ஒருவரின் கொழுந்தியாள் பெயரும் அந்தத் தாளில் இருந்தது. "வரல டீச்சர்" என்று அவரே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதுவரை 'அளத்துக்காரர்' என்ற ஒரே சொல்லாக இருந்தவர்கள் இருபத்தாறு பெயர்கள் ஆனார்கள். பசியோடு காத்திருப்பது கடினம்தான். ஆனால் யாருக்காக என்று தெரிந்தபின் எழுந்து போவது அதைவிடக் கடினம் என்று அன்று கண்டோம். தாள் முடிந்தது. மறுபடியும் முதல் பெயரிலிருந்து தொடங்கினீர்கள். இரண்டாம் சுற்றில் ஜெயசெல்வி பெயரை வாசித்தபோது வாசற்பக்கமிருந்து, கணுக்கால் வரை உப்பு பூத்த கால்களோடு, பதில் வந்தது.

"வந்துட்டேன், டீச்சர்."

சோறு குழைந்துதான் போயிருந்தது. முதல் கரண்டியை ஜெயசெல்வியின் இலையில் வைத்த டேவிட்சன் அண்ணாச்சி, "கொழஞ்ச சோத்துலதான் கறிக்குழம்பு நல்லாப் பிடிக்கும், சாப்பிடு" என்றார். அதற்குப் பிறகு கமிட்டியில் அந்த நிபந்தனையை ஒருவரும் எடுக்கவில்லை. மறு ஆண்டு அண்ணாச்சியே லோடு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு மாற்று டயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இப்போது அசன அழைப்பிதழில் பந்திக்கு மணி அச்சிடுவதில்லை. 'எல்லாரும் வந்தபின்' என்றிருக்கிறது. உங்கள் விழாவை நண்பகலில் வைக்காமல் நான்கு மணிக்கு வைத்ததன் காரணமும் அதுவே. முன்வரிசையைப் பாருங்கள் டீச்சர்: இருபத்தாறு பேரும் வந்திருக்கிறார்கள்.

வரும் திங்கட்கிழமை நம் ஆசிரியர் பதிவேட்டில் உங்கள் பெயர் இராது. நீங்கள் நாசரேத்தில் மகளோடு குடியேறப் போகிறீர்கள். அங்கிருந்து இங்கு வர இரண்டு பேருந்து மாற வேண்டும், மழைக்காலத்தில் அது எப்போது வந்து சேரும் என்று யாரும் சொல்ல முடியாது. வட்டத்தைத் தொடர முடியுமா என்று நீங்கள் தயங்கியதை அறிவோம். இந்த மடலை எழுதுமுன் அந்தத் தெருவுக்குப் போய்க் கேட்டோம். ஜெயசெல்வி சொன்னதை மாற்றாமல் இங்கே எழுதுகிறோம்: "பஸ்ஸு எப்ப வந்தாலும் வரட்டும். டீச்சர் வந்த பொறவுதான் வேதத்தத் தொறப்போம்."

அன்புக்குரிய பெரிய டீச்சரே! முழங்கால் வலி குறைந்து, கண்பார்வை தெளிந்து, பேரப்பிள்ளைகளின் குறும்பில் நாள்கள் நிறைந்து, நூறாண்டு காணும் நலத்தை ஆண்டவர் உங்களுக்கு அருளுவாராக. செவ்வாய்க்கிழமை மாலை பேருந்து நிறுத்தத்தில் ஆள் நிற்கும். உங்கள் பெயரை வாசிப்போம். நீங்கள் வரும்வரை வாசிப்போம்.

என்றும் உங்கள் அன்பில்,
ஆசிரியர்கள் கிங்ஸ்டன், ஜெனிலா, லிங்கராஜ், ஜெப்ஸி,
அலுவலக உதவியாளர் சொரிமுத்து,
சத்துணவுச் சமையலர் சுடலைச்செல்வி
உப்பளக்கரை மிஷன் நடுநிலைப் பள்ளி