குழந்தைகளைப் படமெடுத்து எங்களைப் படுத்தியெடுத்த சங்கிலிமுத்து அண்ணாச்சிக்கு

சிவகாசிச் சீமையின் சித்திரச் செம்மலே! கிளியும் மயிலும் கேட்டு வாங்கிக் குடியிருந்த தூரிகைக்குச் சொந்தக்காரரே! பால்குடிப் பிள்ளைகளின் பரம பயமே! எங்கள் பொறுமையைக் கல்லச்சில் ஏற்றிக் கடைசிச் சொட்டு மை வரைக்கும் பிழிந்தெடுத்த பெருந்தகையே! இன்றோடு வேலையிலிருந்து ஓய்வு பெறும் லேபிள் பிரிவின் பெரியவரே, அண்ணாச்சி அவர்களே! வணக்கம்.

மாலை கனக்கிறதா? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் உங்களைப் பொறுத்துக்கொண்ட அளவுக்கு வேண்டாம், இந்த மடலை வாசித்து முடிக்கும் மட்டும் போதும். "பாராட்டி எழுதுங்க பஞ்சக்கா, நாலு கதை தெரிஞ்ச ஆளு நீங்கதான்" என்று நம் பிள்ளைகள் தாளை என் கையில் திணித்தார்கள். அச்சான தாளை அடுக்கி அடுக்கியே எழுத்துக் கூட்டப் படித்தவள் நான். பாராட்டத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது, என்ன செய்ய?

யுத்தத்துக்கு முந்தி ஆமத்தூரிலிருந்து நடந்தே வந்து இந்தக் கம்பெனியில் சேர்ந்தீர்கள். தீப்பெட்டி லேபிளில் நீங்கள் வரைந்த மானைக் கண்டு மளிகைக்கடைக்காரர் மயங்கியதும், பட்டாசுக் கட்டில் நீங்கள் தீட்டிய ரோசாவைத் தொட்டுப் பார்த்துப் பிள்ளைகள் மோந்து பார்த்ததும், சீசன் நேரத்தில் ஆர்டர் மலையாய்க் குவிந்தபோதும் ஒரு கோடுகூடக் கோணாமல் நீங்கள் குனிந்திருந்த கோலமும் நாடறியும், நாங்களும் அறிவோம். அதிலெல்லாம் உங்கள்மேல் எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது. அத்தோடு நின்றிருந்தால் இந்த மடல் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும், பிள்ளைகளா, நீங்களும் சுடச்சுட வடை சாப்பிடப் போயிருப்பீர்கள்.

ஐம்பத்தேழில் மதுரையிலிருந்து முக்காலியோடு அந்தக் காமிரா வந்து இறங்கியது. "காலண்டருக்கு வரைஞ்ச பிள்ளை வேண்டாமாம், நிசப் பிள்ளை வேணும்னு வடக்கே கேக்காங்க" என்றார் முதலாளி. கிளியைப் பிடித்தவனுக்குப் பிள்ளையைப் பிடிப்பது பெரிசா என்றீர்கள். கிளி, அண்ணாச்சி, நீங்கள் வைத்த இடத்தில் இருந்தது!

நின்றவாக்கில் முக்காலியை உயர்த்தி வைத்து, தரையில் கிடக்கும் பிள்ளையைத் தலைக்கு மேலிருந்து எடுத்தீர்கள். படத்தில் தலை பூசணிக்காயாகவும் கால் கொத்தவரங்காயாகவும் வந்தது. "பிள்ளை வாகு அப்படி" என்று பெற்றவளிடமே சொன்னீர்கள். அப்புறம் பிள்ளையை உங்கள் உயரத்துக்கு ஏற்ற, காகிதக் கட்டை அடுக்கி உச்சியில் உட்கார வைத்தீர்கள். அது விழாமல் பாவாடையை நான் ஒரு பக்கம் பிடிக்க, நம் பிரிவு மொக்கைச்சாமி ஒரு பக்கம் பிடிக்க, கட்டிங் பிரிவே கூடி நின்று "இங்கன பாரு, இங்கன பாரு" என்று கைதட்ட, பிள்ளை யாரைப் பார்க்கும்? வாயைத்தான் திறக்கும். "சிரிக்கச் சொன்னா அழுதியே மூதி!" என்று காமிராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து நீங்கள் வேறு சத்தம் போடுவீர்கள்.

இதற்கு மேல் வெளிச்சம் போதவில்லை என்று ஒரு குறை. வெடிக் கம்பெனி வெள்ளைத்துரையிடம் சொல்லிவைத்து, தட்டில் கொட்டிக் கொளுத்த மருந்து வாங்கி வந்தீர்கள். "காமிராக்காரங்க கொளுத்துற மருந்துதான் அண்ணாச்சி. நம்ம பக்குவத்துக்குக் கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன்" என்றார் அந்த மகராசன். காகிதக் கட்டுகளுக்கு நடுவே நீங்கள் மருந்து கொளுத்த, நாங்கள் மணல் வாளியோடு சுற்றி நின்றோம். ஆனியில் போன உங்கள் புருவம் ஆவணியில்தான் முளைத்தது.

அதுகூடப் போகட்டும். வந்த படத்தையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தோமே! அத்தனை பிள்ளையும் கண்ணை இறுக மூடி, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டிருந்தது. பின்னே என்ன செய்யும்? ஒரு ஆள் குனிந்து தீயைக் காட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தால் அடுத்தது என்ன என்று நம் ஊர்ப் பிள்ளைக்குத் தவழும்போதே தெரியும். மடியில் வைத்திருந்த தாயும் தன் காதை விட்டுவிட்டுப் பிள்ளை காதைத்தான் பொத்தினாள். மருந்தை விட்டீர்களா? இல்லை. மூடிய கண்ணின்மேல் தூரிகையால் திறந்த கண்ணை வரைந்தீர்கள்! லேபிள் மான் கண். அந்தக் காலண்டரைப் பார்த்துக் கல்கத்தா வியாபாரி என்ன பொம்மை என்று கேட்டு எழுதினார்.

இப்படியே இரண்டு வருசம். அப்போதுதான் நம் மாடத்தி வந்து உங்களிடம் மாட்டினாள்.

புதிதாய் வந்த பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மாடத்தி தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள். அவள் புருசன் முனியசாமி, இவள் முழுகாமல் இருக்கும்போதே கொழும்புக்குப் பிழைக்கப் போனவன். மகன் கண்ணுச்சாமி முகத்தையே பார்த்ததில்லை. பையன் தலைமுடி இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்தது. மொட்டை போடுமுன்னே ஆண்பிள்ளைக்கும் பாவாடை கட்டி, பூ வைத்துச் சடை பின்னி, முதுகுக்குப் பின்னால் கண்ணாடியை நிறுத்தி, முகமும் சடையும் சேர்ந்து தெரியப் படம் எடுத்துவைப்பது நம் பக்கத்து வழக்கம். அந்தப் படத்தைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். "நான் இருக்கேன்ல தாயி" என்றீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதுமே நாங்கள் மணல் வாளியைத் தேடினோம்.

ஆடிக் கடைசி வெள்ளி மொட்டை. புதன்கிழமை கொளுத்தினீர்கள். மருந்து வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படத்தில் பாதி வெள்ளையாய்ப் போயிற்று. மீதிப் பாதியில் கண்ணுச்சாமி காதைப் பொத்தியிருந்தான். சும்மா விட்டீர்களா? அதற்கும் கண் வரைந்து, காய வைத்து, வியாழன் காலையில் மாடத்தி கையில் கொடுத்தீர்கள்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "அண்ணாச்சி, இது யாரு பிள்ளை?" என்றாள்.

"உன் பிள்ளைதான் தாயி."

"எம் பிள்ளைக்கு இம்புட்டுப் பெரிய கண்ணு கிடையாது அண்ணாச்சி. அவுக அப்பா மாதிரி இடுங்குன கண்ணு. இதப் பாத்துட்டு அவுக வேற பிள்ளையவே மனசுல வச்சிருந்தா நான் என்ன செய்வேன்? நாளைக்கு முடியும் போயிரும்."

வெளியே இருக்கன்குடிக்குப் போகிற வண்டி பூட்டி நின்றது. வண்டிக்காரர் பெத்தணன் "வெயில் ஏறுது, வாரீகளா இல்லையா" என்று கத்தினார். நாங்களும் கத்தினோம், இன்று ஒளிப்பானேன். "இன்னொரு தடவ எடுங்க" என்று பாதிப் பேர், "போதும், மிச்சப் புருவமாவது இருக்கட்டும்" என்று பாதிப் பேர். கண்ணுச்சாமி உங்களைக் கண்டதுமே இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டான். தீயே இல்லை, அண்ணாச்சி. உங்களைக் கண்டே!

அதைப் பார்த்ததும்தான் உங்களுக்கு மனசு விட்டுப்போயிற்று. மருந்துத் தட்டைக் கொண்டுபோய் மணல் வாளிக்குள் கவிழ்த்தீர்கள். "எல்லாரும் வெளிய போங்க" என்றீர்கள். இத்தனை நாள் கைதட்டிய எங்களுக்கு என்ன கோபம்! "வேணும்னா கூப்பிடுவாரு, வேண்டாம்னா விரட்டுவாரு" என்று முனகிக்கொண்டே போனோம். போனோமே தவிர, ஜன்னலை விட்டு நகரவில்லை.

கண்ணாடியைத் தூக்கி வந்து வெளிச்சம் விழும் வாசலோரம் நிறுத்தினீர்கள். முக்காலியின் காலைக் குறுக்கினீர்கள். அப்புறம் நீங்களும், இடுப்பைப் பிடித்து, "முருகா" என்று முனகி, முழங்கால் ரெண்டும் நறநறவென்று சொல்ல, தரையில் உட்கார்ந்தீர்கள். சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். பாரு என்று சொல்லவில்லை. சிரி என்று சொல்லவில்லை. பையன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, லேபிள் கத்தரித்துக் கீழே கிடந்த காகிதத் துண்டை எடுத்துப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிய்த்தான், பிய்த்தான். யாரும் கத்தவில்லையே, என்ன ஆச்சு என்றுதானோ என்னவோ, கடைசியில் அவனாகத் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தான். அந்த இடுங்கிய கண்ணால், ஒரு நிமிசம் அசையாமல்.

படம் பிடிபட்டது. பாவாடை, பூச்சடை, வாயோரத்தில் ஒட்டிய பச்சைக் காகிதத் துணுக்கு, எல்லாம். நீங்கள் தூரிகையைத் தொடவே இல்லை. படம் அப்படியே கொழும்புக்குப் போனது.

அதற்குப் பிறகாவது அடங்கினீர்களா? அன்றிலிருந்து எங்களுக்கு வேறு தொல்லை. எந்தப் பிள்ளை வந்தாலும் நாங்கள் மூச்சுவிடக் கூடாது. மிஷினை நிறுத்து, கதவைத் திற, கதவைச் சாத்து, இருமாதே. முதலாளியையே ஒரு நாள் "வெளிய நில்லுங்க" என்றீர்கள். படமெல்லாம் பிள்ளை பிள்ளையாகவே வரத் தொடங்கியதால் அவரும் பேசாமல் நின்றார், நாங்களும் நின்றோம். நின்று நின்று கால் கடுத்ததை இந்தச் சபையில் சொல்லாமல் விடமாட்டேன்.

அடுத்த தை மாதம் முனியசாமி வந்தான். விருதுநகர் ஸ்டேஷனில் ரயில் நின்றது. மிளகாய் மூட்டையும் கூட்டமும், இடுப்பில் பிள்ளையோடு எத்தனையோ பெண்களும். மாடத்தி கும்பலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். பையன் கைநழுவி முன்னால் போய் நின்றான். பாவாடை இல்லை, சடை இல்லை, மொட்டை போட்டு அரைகுறையாய் முளைத்த தலை. முனியசாமி இறங்கினான். ஒருத்தரையும் கேட்கவில்லை. நேரே நடந்து போய் அவனைத் தூக்கினான். பையன் ஊரே திரும்பிப் பார்க்க அலறினான், அது வேறு. மாடத்தி இதைச் சொல்லும்போது, "முடிக்காகத்தான் படம் கேட்டேன் பஞ்சக்கா, அவுக மூஞ்சியத்தான் பாத்திருக்காக" என்றாள். உங்களிடம் வந்து சொல்ல அவளுக்கு வெட்கம். அதனால் நாங்கள் சொல்கிறோம், இன்றைக்காவது கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களை எரிச்சலூட்டிய ஏந்தலே! போய் வாருங்கள். உங்கள் வீட்டிலும் பேரன் பேத்தி தவழும். மற்றவர்கள் உங்களுக்கு நூறு வயதைக் கேட்டுக்கொள்ளட்டும். நாங்கள் இருக்கன்குடித் தாயிடம் கேட்பது உங்கள் முழங்கால் இரண்டையும்தான்: தரையில் உட்காரவும், உட்கார்ந்தபின் ஒருத்தர் கை கொடுக்காமல் எழுந்திருக்கவும், அவள் அதற்குப் பலம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களால் அலுத்து, உங்களுக்காக அழுதுகொண்டிருக்கும்
லேபிள் பிரிவுத் தொழிலாளர்கள்
சிவகாசி, 1968