ராணியம்மா வூட்டு கேமரா

அங்க வேணாம்பா, இன்னும் கொஞ்சம் கீய எறக்கி மாட்டு. மேல வெச்சா தலைமயிருதான் தெரியும்.

இன்னாது, வொயர் இல்லாத கேமராவா? அது இருந்துச்சேப்பா. எம் மருமவன் வினோத்குமாரு வந்தான் பாரு, மொதல்ல மீட்டர் பொட்டில பீசப் புடுங்கிட்டான். கரண்டும் போச்சு, கேமராவும் போச்சு. அப்பறம்தான் உள்ள பூந்தான். உங்க கடையில கேட்டேன். கரண்டும் படமும் ஒரே வொயர்ல போவும், படம் பதிவாவற பொட்டிய பேட்டரியோட உள்ரூம்ல பூட்டி வெச்சிக்கலாம்னாங்கோ. அத்தயே போடுன்னுட்டேன்.

ஆமா, எம் பொண்ணு தமிழ்ச்செல்விதான். குடிச்சிட்டு அடிக்கிறான்னு புள்ளயத் தூக்கிக்கினு இங்க வந்துட்டா. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தவள மயித்தப் புடிச்சி களத்துக்கு இஸ்துக்கினு போயி, சிமிட்டித் தரையில தலைய மோதுனான். கத்தியத் தூக்குனான், இவ கையக் குறுக்க வெச்சிட்டா. சத்தம் கேட்டு கயனிலேந்து ஓடியாறேன், மூணு வெரலு வைக்கோல்ல கெடக்குது. நான்தான் பொறுக்குனேன். ஐஸ்ல வெச்சி செங்கல்பட்டு வரைக்கும் மடியிலயே வெச்சிக்கினு போனேன். ஒட்டாதுன்னுட்டாங்கோ. புள்ள அத்தினியும் பாத்துக்கினு நின்னுச்சுப்பா. அன்னிலேந்து வாயே தொறக்கல.

சாட்சியா? எதுர்வூட்டு ஆண்டாளம்மா கண்ணால பாத்தா. போலீசு வந்து கேட்டதும், நான் பஜார்ல இருந்தேன்னுட்டா. குத்தம் சொல்லல, அவளுக்கும் ஒரு பொண்ணு கீது. இவன் ஜாமீன்ல வந்து டீக்கடையில குந்திக்கினு சொல்றானாம், இன்னொரு கை பாக்கி கீதுன்னு.

பொண்ணும் புள்ளயுமா? வூட்ல இல்லப்பா. ரெண்டு பேரையும் காலையிலயே தென்னேரிக்கு, எந் தம்பி வூட்டுக்கு அனுப்பிட்டேன்.

முடிஞ்சுதா? எங்க, போன்ல காட்டு. ஆங், கேட்டாண்ட மேயிற கோயி கூட நல்லா தெரியுது. சரி, நீ ஏணியத் தூக்கிக்கினு சீக்கிரம் கெளம்பு நைனா. சோத்து நேரத்துக்கு அவன் வருவான்.

நான்தான் போன் போட்டேன், வந்து உம் பொண்டாட்டிய இட்டுக்கினு போன்னு. வெறுங்கையோட வரமாட்டான், எனுக்குத் தெரியும். அவன் மொதல்ல ஓங்கறது இதுல பதிவாவணும், அதான். கதவு பின்னாடி கொடுவா வெச்சிகீறேன். நான் வெட்டறதும் பதிவாவட்டும்.