இரண்டு மணி இருபது நிமிடப் பயணம்

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் உள்ளபடியே. வயது நாற்பத்து மூன்று. லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர் என் தாயார். அவருடைய ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றியது நான்தானா என்று கேட்டதற்கு, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் வேலை செய்யும் ஊருக்கும் அம்மா இருந்த ஊருக்கும் ஆகாய வழியில் ஆயிரத்து நானூற்று அறுபது கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி இருபது நிமிடம். போன வாரம் அம்மா போனில், மூச்சு வாங்க வாங்க, "இந்த மாஸ்க்க நீயாவது வந்து கழட்டி விடுடா, இங்க யாரும் கேக்க மாட்டேங்கறாங்க" என்றார். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை, டாக்டர் கையை விரித்துவிட்டதாக அக்கா சொன்னதன் பேரில், வேலை உடுப்பை மாற்றி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, 9.55க்குப் புறப்பட்ட விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அதன் பிறகு இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெண்மணியும் அவ்வாறே சொல்லியிருப்பதாக அறிகிறேன்.

11.10க்கு எதிரிலிருந்த திரை இன்னும் 680 கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம் என்று காட்டியது. நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று பட்டது. கண்ணை மூடினேன். தூங்கவில்லை. இப்போதே கழற்றிவிட்டால் தேவலை என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது ரப்பர் வாசனை அடித்தது.

அதன் பிறகு 12.15க்கு இறங்கி, டாக்சி பிடித்து, ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி போனேன். நர்ஸ் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "சட்டைய எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். 11.10க்கு நான் வேலை உடுப்பில் வந்து, மாஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்து, அம்மாவின் நெற்றியைத் துடைத்துவிட்டு, தான் டாக்டரை அழைத்து வருவதற்குள் வெளியேறிவிட்டதாகவும், டாக்டர் வந்தபோது அம்மாவின் உயிர் பிரிந்திருந்ததாகவும் சொன்னார். அதன் பிறகு அக்காவைக் கேட்டேன். மாடிப்படியில் எதிரே வந்து, "நீ போய் மருந்து வாங்கிட்டு வாக்கா, நான் பாத்துக்கறேன்" என்று நான் சொன்னதாக அவளும் சொன்னாள். நன்றாகப் பார்த்தாயா என்றதற்கு, கூடப் பிறந்தவனை எனக்குத் தெரியாதா என்றாள்.

விமானக் கம்பெனியின் பதிவைப் பார்த்த இன்ஸ்பெக்டர், ஆள் மாறாட்டம் என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. என் சாயலில் யாரும் இல்லை. நான் அங்கே போகவில்லை. ஆனால் நினைத்தது உண்மை. அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாம் முடிந்த மறுநாள் அக்கா, அம்மாவின் துணிகளை மடித்துக்கொண்டே, "கடைசியா அம்மா உங்கிட்ட என்னடா சொன்னாங்க?" என்று கேட்டாள். வானத்தில் இருந்தவனுக்கு எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "உன் கை ஏன்டா இப்படி சில்லுன்னு இருக்குன்னாங்க" என்று சொன்னேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அக்கா தலையை ஆட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே சொன்னது. என் அறிவுக்கு எட்டியவரை அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)