ஸ்பெயின்காரரு வரைஞ்ச பூசணிக்கா

"வெட்டுன பூசணிக்காயப் போயி எவனாச்சும் படமா வரைவானா?"

கடலூர்லேர்ந்து சிதம்பரம் போற பஸ்ல, முன்சீட்டு அண்ணன் அவரு சம்சாரத்தக் கேட்டாரு. எங்கம்மா செத்து இன்னும் காரியம்கூட ஆவல, நான் யார்கிட்டயும் பேசாம ஜன்னலோரமா உக்காந்திருந்தேன். அந்தக்கா மடியில பெரிய பழைய படம். பாதி வெட்டுன பூசணிக்கா, பக்கத்துல ரெண்டு வெங்காயம், ஒரு செம்புப் பானை.

"ஸ்பெயின்காரரு வரைஞ்சது மாமா. பாண்டிச்சேரில தேடிப் புடிச்சி வாங்குனேன். புது வீட்டு ஹால்ல மாட்டப் போறேன்."

"நாளைக்கு கிரகப்பிரவேசம். திருஷ்டிக்கு ஒடைக்கிறத ஹால்ல மாட்டுனா, எங்கம்மா அந்தப் படத்தோட சேத்து ஒன்னையும் வெளிய அனுப்பிடும்."

"அத்தைகிட்டயே கேக்குறேன்." போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சாங்க. "அத்த, திருஷ்டிக்கு வாசல்ல பூதம் படம் மாட்டணும்னீங்கல்ல? அதப் பாத்தா கொழந்தைங்க பயப்படுதுங்க. பூசணிக்கா படமே மாட்டிடவா? ஸ்பெயின்ல வரைஞ்சது."

ஸ்பீக்கர்ல அத்தை கொரலு ஒசந்துச்சு.

"ஃபாரின் பூசணிக்காயா?"

"ஆமா அத்த. ரொம்பப் பழசு."

"அத ஏண்டி வாசல்ல மாட்டுற? மழையில நனைஞ்சி வீணாப் போவும். உள்ள வர்றவங்க கண்ணு மொதல்ல அதுமேல படுற மாதிரி ஹால்ல மாட்டு. நம்ம தெருவுல எவ வீட்லயும் இருக்காது."

பஸ்ல பாதி பேரு சிரிச்சிட்டோம். அந்தக்கா படத்தத் தூக்கி அண்ணன் மடியில வெச்சாங்க.

"கெட்டியாப் புடிங்க மாமா. ஆணி அடிக்கப் போறதும் நீங்கதான்."