கூப்பிட்டுவிட்டுப் போ

குதிரைக்குப் பின்னால் போகக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. அதன் பின்தொடையோடு ஒட்டி நின்றால் உதை உங்களைத் தள்ளிவிடுமே தவிரக் கொல்லாது, காலை நீட்ட அதற்கு இடம் கிடைக்காது. ஐந்தாறு எட்டு வைத்துத் தள்ளி நின்றால் உதை எட்டவே எட்டாது. ஆளைக் கொல்வது இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம், சுமார் இரண்டு எட்டு. பயப்படுகிறவர்கள் எல்லோரும் போய் நிற்பது சரியாக அங்கேதான்.

தட்டச்சு செய்கிற அந்தப் பையனிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் அதிகாரி அம்மா. நான் மெதுவாகவே சொல்கிறேன்.

தீஸா ஆற்றங்கரைக் குதிரைப் பண்ணையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு உடைந்தது ஒரே ஒரு கால்விரல், அதுவும் வண்டிச் சக்கரம் ஏறியதால். முரட்டுக் குதிரை எது வந்தாலும் "வெண்டெல் கிட்ட விடுங்க" என்பார்கள். காது பின்னால் ஒட்டிக்கொள்வது, வால் இறுகுவது, ஒரு பின்கால் லேசாகத் தூக்கி நிற்பது, இவையெல்லாம் எனக்குப் படித்துப் பழகிய எழுத்து மாதிரி. என்ன செய்யும் என்று சொல்ல முடியாத குதிரை என்று எதுவும் இல்லை. நமக்குத் தெரியாமல் யாரோ அதற்கு எதையோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் அறிக்கையில் என்னைக் கவனக்குறைவானவன் என்று எழுதிவிடக் கூடாது. ரீகோ என்ற அந்தக் குதிரை அன்று செய்ததில் தற்செயல் எதுவும் கிடையாது.

அம்ப்ருஷைப் பற்றி உங்களுக்கு எல்லோரும் நல்லதாகவே சொல்லியிருப்பார்கள். லாயத் தலைவர், பெரிய உடம்பு, சரளைக்கல் உருளுகிற மாதிரி குரல். லாயத்துக்குள் நுழையும் முன் குரல் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பண்ணையின் முதல் சட்டம். நாங்கள் வெறுமனே "ஹோ" என்போம், சிலர் குதிரையின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அம்ப்ருஷ் மட்டும் எந்தக் குதிரையானாலும், பெட்டையோ ஆணோ, "ஹோ, தம்பி" என்பார். பண்ணையில் வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்தச் சொல் எனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். தேனெஷ். என்னைவிடப் பதினாறு வயது இளையவன், இதே பண்ணையில்தான் வேலை. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதக் காலையில் லாயத்தில் குதிரைக்கு ஒன்றாகப் பிரித்த தடுப்புகளில் மூன்றாவதற்குள் போனான். உள்ளே இருந்த விஹார் என்ற பெட்டைக் குதிரை அவன் வயிற்றில் உதைத்தது. டவுன் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. விசாரணை அறிக்கையை எழுதியவர் அம்ப்ருஷ். குரல் கொடுக்காமல் உள்ளே போனான், சொந்தக் கவனக்குறைவு என்று இரண்டே வரி.

அந்த இரண்டு வரியோடு நின்றிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அம்ப்ருஷ் அதைப் பாடமாக்கினார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை வரிசையாக நிற்க வைத்து, "தேனெஷ் மாதிரி உள்ள போயிடாதீங்க" என்பார். எவனாவது சத்தமில்லாமல் நுழைந்தால், "டேய், தேனெஷ் மாதிரி போறியே, வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்பார். ஓரிரு வருடத்தில் 'மாதிரி' உதிர்ந்துவிட்டது. "நேத்து ஒரு தேனெஷ் பண்ணிட்டேன்டா, நல்ல வேளை, கடிக்கத்தான் வந்துச்சு" என்று பையன்கள் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிப்பார்கள். அவித்த அவரைச் சூப்பைக் குடித்தபடி நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை கெச்கெமேட் ஊரிலிருந்து வந்த ஒரு பெண் என்னிடம், "தேனெஷ்னா என்ன அண்ணே, பழைய பேச்சுல முட்டாள்னு அர்த்தமா?" என்று கேட்டாள். நல்ல பெண். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

போன வருடம் அக்டோபர் ஒன்பதாம் தேதி தேனெஷின் பெயர் நாள், எங்கள் நாள்காட்டியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் உண்டு. செத்தவனுக்குப் பெயர் நாள் கொண்டாடுவதில்லைதான், ஆனாலும் நான் வருடாவருடம் ஒரு புட்டி பிளம் சாராயம் கொண்டுபோய்ச் சேண அறையில் வைப்பேன், வேண்டியவர்கள் ஒரு வாய் குடிப்பார்கள். அன்று அம்ப்ருஷும் வந்தார். கிளாசைத் தூக்கிக்கொண்டு புதிய ஆட்கள் இரண்டு பேரைப் பார்த்து, "உள்ள போறதுக்கு முன்னாடி கூப்பிடணும், கேட்டீங்களா? அவன் கூப்பிடல. அதான் இன்னிக்கு அவன் பேர்ல நாம குடிக்கிறோம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. குடித்தால் அவருக்கு அப்படித்தான் ஆகும். நானும் என் கிளாசைக் காலி செய்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் இவர் சாக வேண்டும் என்று முடிவு செய்தேன். அடித்தோ குத்தியோ அல்ல. குரல் கொடுத்தபடி சாக வேண்டும். முறைப்படி, சட்டப்படி, வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டுச் சாக வேண்டும்.

நவம்பரில் அம்ப்ருஷ் இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்காக புடாபெஸ்ட் போனார். அங்கிருந்து ஏதோ வெந்நீர் ஊற்று ஆஸ்பத்திரிக்கு. மார்ச் வரை வரமாட்டார் என்றார்கள். அதே வாரம் ரீகோ வந்து சேர்ந்தது. கறுப்பு நிறம், நாலு வயது, நிழலைப் பார்த்தாலும் துள்ளும். வழக்கம்போல என்னிடம் விட்டார்கள். கடைசிக் கொட்டகையில் கட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போவார்கள். நான் ரொட்டியும் உப்புப்போட்ட பன்றிக் கொழுப்பும் கொண்டுபோய்க் கொட்டகையிலேயே சாப்பிட ஆரம்பித்தேன். ரீகோவுக்குப் பின்னால் நின்று அம்ப்ருஷின் குரலில், "ஹோ, தம்பி" என்பேன். பண்ணையில் அவர் குரலைப் போலச் செய்து காட்டத் தெரியாதவன் யார்? சொல்லி முடித்ததும் வில்லோ மரத்தின் மெல்லிய ஈர மிலாறால் பின்காலின் நரம்பில் ஒரு சுண்டு, பிறகு இன்னொன்று. தழும்பு விழாது. அது நகரும், நடுங்கும், தலையைத் தூக்கும், அதற்கெல்லாம் நான் நிறுத்தமாட்டேன். உதைத்தால் உடனே நிறுத்திவிடுவேன். மிலாறைக் கீழே போட்டுவிட்டு முன்பக்கம் போய், என் சொந்தக் குரலில் பெயரைச் சொல்லிக் கழுத்தைத் தடவி ஒரு ஆப்பிள் துண்டு கொடுப்பேன்.

குதிரைக்கு நியாயம் சீக்கிரம் புரியும். பத்தாம் நாள் அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும், மிலாறு படும் முன்னே உதைத்தது. ஜனவரியில் குறி பிசகாமல் உதைத்தது. வைக்கோல் திணித்த சாக்கை இரண்டு எட்டுத் தள்ளி, ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டிருந்தேன். மற்றவர்கள் "ஹோ" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனால் ஆட்டுக்குட்டி மாதிரி நிற்கும். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "வெண்டெல், இத எப்படிய்யா இவ்வளவு சாந்தமா ஆக்கின?" என்று கேட்டார். பொறுமைதான் என்றேன். அது பொய்யில்லை.

மார்ச் பதினெட்டாம் தேதி அம்ப்ருஷ் திரும்பி வந்தார். கையில் ஊன்றுகோல், பத்துக் கிலோ இளைத்திருந்தார். கொட்டகை கொட்டகையாகப் போய் ஒவ்வொரு குதிரையிடமும் நலம் விசாரித்தார். கோட்டுப் பை நிறையக் கேரட். கடைசியில் எங்களிடம் வந்தார்.

"இவன்தான் புது ஆளா? உதைப்பானா?" என்றார்.

"இதுவரைக்கும் யாரையும் உதைச்சதில்ல அண்ணே."

"வால்ல நாடா இல்லையேன்னுதான் கேட்டேன். உன் கைக்கு வந்தா எல்லாம் பசுமாடாயிடுதுடா."

உதைக்கிற குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டுவது எங்கள் வழக்கம். ரீகோவின் வாலில் நான் கட்டவில்லை, யாரையும் உதைக்காத குதிரைக்கு எதற்குக் கட்டுவது? பழைய அம்ப்ருஷாக இருந்தால் நேராகப் போய்ப் பின்தொடையில் கைவைத்து ஒட்டி நின்றிருப்பார். இப்போது ஊன்றுகோல் கல்தரையில் வழுக்கும் என்று பயந்தாரோ என்னவோ, தடுப்பின் வாசலிலேயே நின்றார். நான் கண்ணாலேயே அளந்து பார்த்தேன். இரண்டு எட்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரே கேட்கும்படி, "ஹோ, தம்பி" என்றார்.

இரண்டு காலும் ஒன்றாக வந்தது.

நான் ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நெஞ்சு உள்ளே போயிருந்தது. பேச்சு காற்றாகத்தான் வந்தது. "நான் கூப்பிட்டேன்ல, வெண்டெல்?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணே. எனக்குக் கேக்கல," என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நாலு மாதம் பன்னிரண்டு மணிச் சாப்பாட்டைக் குளிரில் உட்கார்ந்து தின்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அம்ப்ருஷ் கூப்பிடாமல் போனார் என்றே உங்கள் ஆட்களிடமும் சொன்னேன். பண்ணை வேலைக்காரி எதெல்கா மேலே வைக்கோல் பரணில் கூட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. "ஹோ தம்பின்னு கூப்பிட்டது என் காதால கேட்டேன், இந்த மனுஷன் ஏன் இல்லங்கிறான்?" என்று அவள் சொல்லிவிட்டாள். அதனால்தான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எதெல்கா நேர்மையானவள், சொன்னது சரிதான்.

எனக்கு இரண்டு வேண்டுகோள்தான். ரீகோவைக் கொல்ல வேண்டாம். சொல்லிக்கொடுத்ததைத்தான் அது செய்தது. அந்த இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்ல இனிமேல் அங்கே ஆள் இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை. இரண்டாவது, என் தம்பியின் அறிக்கையைத் திருத்த வேண்டும். தேனெஷ் கூப்பிட்டான். கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனான். அதைக் காகிதத்தில் ஏற்றி, முத்திரை குத்தி, சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்ட வேண்டும்.

நீங்கள் அந்தப் பழைய கோப்பைத் திறந்து பார்க்கிறீர்கள். "அவர் கூப்பிட்டார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சத்தம் எதுவும் கேக்கலன்னு இங்க கையெழுத்துப் போட்டிருக்கிறது நீங்கதானே?" என்று கேட்கிறீர்கள். ஆமாம். கையெழுத்து என்னுடையதுதான்.

மூன்றாம் தடுப்பில் எப்போதும் இருப்பது பார்ஷோன். குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் திரும்பிப் பார்க்காத பெட்டை. தேனெஷ் செத்த அன்று அதிகாலை அதன் தடுப்பில் தண்ணீர் தேங்கியிருந்த மாதிரி இருந்தது, நான் அதை வெளியே கொண்டுபோனேன். பிறகு பார்த்தால் தரை அப்படியொன்றும் மோசமில்லை, அந்த நேரம் என் கையில் பிடித்திருந்தது விஹாரை, அதையே அங்கே கட்டினேன். பெயர்ப் பலகையை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பக்கத்துத் தடுப்பில் ஒரு குளம்பை மடியில் வைத்து ராவிக்கொண்டிருந்தபோது தேனெஷ் வந்தான். "ஹோ, பார்ஷோன்" என்றான். தெளிவாகக் கேட்டது. உள்ளே இருப்பது விஹார் என்று இந்தக் குளம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் அரையிருட்டில் பலகையை நம்பி, பின்னால் தள்ளி நின்றபடி கையை நீட்டி, பார்ஷோனைத் தட்டுவது போலவே விஹாரின் பின்புறத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

அம்ப்ருஷ் ஓடி வந்து, "கூப்பிட்டானாடா?" என்று கேட்டார். கேக்கல என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அதிகாரிகள் வருவதற்குள் பழைய பெயரை அழித்துவிட்டு விஹார் என்று எழுதி வைத்தது அவர்தான். என் தோளைப் பிடித்து, "ஒருத்தன் போனது போதும்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அறிக்கையில் நான் சொன்னதை அப்படியே எழுதினார். இன்னொரு தடவை என்னிடம் கேட்டிருக்கலாம். ஆறு வருடத்தில் எத்தனையோ நாள் இருந்தது, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவே இல்லை அம்மா, என் தம்பிக்கு அவர் செய்த துரோகம் அதுதான்.