பிராதில் எழுதிய பெயர்

உங்கள் மேசையில் இருக்கும் இந்தப் பேனா ஸ்டாண்டு எங்கள் யூனிட்டில் செய்தது, சார். திருப்பிப் பாருங்கள், அடியில் கிளேஸ் பூச்சு ஒரு பக்கமாக வழிந்திருக்கும். அது சூளையின் குற்றமில்லை. முக்கி எடுத்தவனுக்குக் கை நிதானம் இல்லை. பதினெட்டு வருஷமாக விருத்தாசலத்தில் சூளை எரிக்கிறேன். கரண்டு பீஸ் கேரியர், பொம்மை, டீ கப், எதுவானாலும் என் தீயில் பழுதானது கிடையாது. என் பெயர் கொளஞ்சிநாதன். நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொள்ளலாம்.

நடிகர் மணிபாரதி விஷயமாக வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காணவில்லை என்று டிவியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அவர்தான். அவர் பாடின பாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். அம்மனுக்குக் குழந்தைகளைக் காவு கொடுக்கும் பூசாரியாக ஒரு பேய்ப்படத்தில் நடித்தாரே, அதில் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுவார்.

ஈரத்தலை காயலையே எந்தங்கம் – நான்
துண்டெடுத்து நிக்கிறேன்டி வாடி.

படத்துக்கு முன்பே அதைக் கவர் சாங் என்று செல்போனில் விட்டார்கள். ‘பழைய கிராமியப் பாடல், கட்டியவர் பெயர் தெரியவில்லை’ என்று கீழே போட்டிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் மயிர்க்கூச்செறிந்ததாம். பயப்பட அதில் ஒன்றும் இல்லை, சார். அது என் மனைவி அனுசியா கட்டின பாட்டு.

எங்கள் மகள் வெண்பா ஆறு வயதில், களிமண் வெட்டிவிட்டு மூடாமல் போட்டிருந்த பள்ளத்து மழைத்தண்ணீரில் போய்விட்டாள். நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து விளக்கேற்றும் நேரத்தில் அனுசியா தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு இதைப் பாடுவாள். யாராவது வந்தால் நிறுத்திவிடுவாள். என் முன்னால்கூடப் பாட மாட்டாள், நான் வெளியே நின்று கேட்டதுதான். அந்தப் பாட்டு இருந்ததால்தான் அவள் சோறு தின்றாள், தூங்கினாள்.

பெண்ணாடம் போகிற பஸ்ஸில்தான் அவள் அதை முதலில் கேட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். பின் சீட்டில் இருந்த காலேஜ் பிள்ளைகள் கூடவே பாடி, ஒருத்தியை ஒருத்தி பயமுறுத்திச் சிரித்தார்கள். அனுசியா பாதி வழியில் எழுந்து இறங்கிவிட்டாள். ரோட்டோரம் நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்.

“வூட்டுக்குள்ள பாடுனது வெளிய எப்படிங்க போச்சு? எவனோ புடிச்சுக் குடுத்திருக்கான்.”

அன்று மாலை அவள் பாடவில்லை. அதன் பிறகும் பாடவில்லை. வீட்டுக்குள் சந்தேகம்தான் குடியிருந்தது. சுவர் ஒட்டின வீட்டுப் பூர்ணிமாவாக இருக்குமோ என்றாள். அவர்கள் ஜன்னல் எங்கள் அடுப்படிப் பக்கம் திறக்கிறது, அதனால் இருக்கலாம் என்றேன். கேபிள் போட வந்தவனாக இருக்குமோ என்றாள். இருக்கலாம் என்றேன். ஜன்னல் சந்துகளில் பழைய துணியை அடைத்தாள். பத்து வருஷம் பழகின பூர்ணிமாவோடு பேச்சை நிறுத்தினாள். நான் யார்மீதும் பழி போடவில்லை, சார். இருக்கலாம் என்று சொல்வது பழியில் சேராது.

கடைசியில் பிராது கட்ட வேண்டும் என்றாள். மணவாளநல்லூர் முருகன் கோயிலில் எங்கள் பக்கத்து ஜனங்கள் செய்வதுதான். உங்களிடம் கொடுக்கிற புகாரை அங்கே சாமியிடம் கொடுப்பார்கள். இன்னார் எனக்கு இன்னது செய்தார் என்று வெள்ளைத்தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். தப்பாக நினைக்காதீர்கள், சார், இங்கே வருகிற கூட்டத்தைவிட அங்கே கூட்டம் அதிகம்.

அனுசியாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அவள் சொல்ல நான் எழுதினேன்.

“பாடுனவன் மேல எனக்குப் பிராது இல்ல. அவன் யாரோ குடுத்ததப் பாடுனான். எம் பொண்ணு பாட்ட வூட்டுலேர்ந்து எடுத்துக் குடுத்தது யாருன்னுதான் எனக்குத் தெரியணும். பேரு போடாதீங்க. சாமிக்குத் தெரியும்.”

எடுத்துக் கொடுத்தது நான்தான். போன வருஷம் எங்கள் யூனிட்டின் பின்புறம் இருக்கும் பழைய விறகுச் சூளையில் அந்தப் படத்துக்கு இரண்டு நாள் ஷூட்டிங் நடந்தது. மணிபாரதி திட்டக்குடிப் பக்கத்துப் பையன், கர்வம் இல்லாதவர். என்னோடு உட்கார்ந்து டீ குடித்தார். பேச்சு வாக்கில் என் சம்சாரம் ஒரு பாட்டுப் பாடுவாள் என்றேன். கதவுக்குப் பின்னால் நின்று நான் செல்போனில் பிடித்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் தோளில் கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். பதினெட்டு வருஷத்தில் யாரும் என் தோளில் கை போட்டதில்லை, சார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“அனுப்பி வுடுங்கண்ணே. அக்காவுக்குத் தெரியுமில்ல?” என்றார்.

“தெரியும் தம்பி” என்று அனுப்பினேன். பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் கேட்டால் இல்லை என்று சொல்கிற அளவுதான் அந்தப் பொய்.

இப்போது அந்தத் தாளை நினைத்துப் பாருங்கள். பெயர் போடாமல் கட்டினால் சாமி தேடிக் கண்டுபிடிக்கும். கொளஞ்சி என்று எனக்கு வைத்திருப்பதே அந்தச் சாமியின் பெயர், விலாசம் தேட வேண்டிய சிரமம்கூட அதற்கில்லை. அதனால் ‘திருடியவர்: நடிகர் மணிபாரதி, திட்டக்குடி’ என்று எழுதினேன். அனுசியா கீழே கையெழுத்துப் போட்டாள். பெயர் இருக்கிற காகிதத்தில் பெயரைத்தானே பார்ப்பார்கள்? கோர்ட்டிலும் அப்படித்தானே?

ஆனால் நாள்தான் போனது. அறுபது நாள், எழுபது நாள். அவருக்கு ஒரு ஜலதோஷம்கூட வரவில்லை. படம் ஓடியது, புதுக் கார் வாங்கினார். எனக்குத்தான் ஒவ்வொன்றாக வந்தது. வண்டி சறுக்கி முழங்கால் தேய்ந்தது. சூளை வாயில் கை சுட்டது. எண்பதாம் நாள் வீட்டு வாசலில் நல்லபாம்பு படுத்திருந்தது. பிராது வழி மாறி என்னிடம் வந்துகொண்டிருக்கிறது என்று புரிந்துவிட்டது.

எண்பத்துநாலாம் நாள் அவரே போன் செய்தார்.

“அக்கா பேரப் போடாம வுட்டுட்டோம்ண்ணே, தப்பு. ஞாயித்துக்கெழம நேர்ல வரேன். நீங்க அனுப்புனத அவங்க முன்னாடியே போட்டு, கால்ல வுழுந்து கேட்டு, அவங்க பேருலயே வெளிய வுடலாம்.”

நல்ல மனுஷன். அதை நான் மறுக்கவே இல்லை.

சனிக்கிழமையே பழைய சூளைக்கு விறகு சேர்த்து வைத்தேன், பச்சை விறகு. ஞாயிறு யூனிட்டுக்கு லீவு. அவர் தனியாகத்தான் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். வெயிலாக இருக்கிறது, ஷெட்டுக்குள் விடுங்கள் என்றேன். வீட்டுக்குப் போகும் முன் சூளைக்குள் நின்று ஒருமுறை பாடிப் பதிவு செய்தால் அக்காவுக்குக் கொடுக்கலாம் என்றேன். அந்தச் செங்கல் கும்மட்டத்தில் குரல் நன்றாகச் சுற்றும், அவருக்கே அது தெரியும். ஆசையாக உள்ளே போனார்.

அந்தச் சூளைக்குக் கதவு கிடையாது. ஒவ்வொரு தடவையும் வாயைச் செங்கல் அடுக்கி மண் பூசி அடைப்போம். ரோட்டுச் சத்தம் வராமல் இருக்க அடைக்கிறேன், தம்பி, என்றேன்.

“சமாதி கட்டுற மாதிரி இருக்குதுண்ணே” என்று உள்ளேயிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

அரைமணி நேரம் ஆனது. வெளியே குறுக்குக் கம்பி கொடுத்து முட்டு வைத்தேன். அவ்வளவு கனமான சுவருக்குள் செல்போன் எடுக்காது. அவர் பாட ஆரம்பித்ததும் அடியில் தீ வைத்தேன். படத்தில் பாடியதைவிட நன்றாகவே பாடினார். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். பச்சை விறகில் புகை முந்திக்கொள்ளும், சூடு அப்புறம்தான் வரும், ரொம்ப நேரம் கூப்பிடவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அரைகுறையாக எரிப்பது எனக்குப் பழக்கமில்லை, சாயங்காலம் வரை முழுத்தீயும் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஊர் முழுக்க ஒரே பேச்சு. அம்மன் கோபித்து எங்கோ கொண்டுபோய்விட்டாள், அது சாபம் பிடித்த பாட்டு என்றார்கள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. அனுசியாவிடம் போய்ச் சொன்னேன்.

“பிராதுல பேரு இருந்தவன் செத்துட்டான். நாளைக்கே போயி வாபஸ் வாங்கிடலாம்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“காணோம்னுதான் டிவியில சொல்றாங்க. செத்துட்டான்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

நான் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

“பேரு போடாதீங்கன்னேன். பாடுனவன் மேல பிராது இல்லன்னும் சொன்னேன். ஏங்க மாத்தி எழுதுனீங்க?”

அவள் களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டுப் பூர்ணிமா வீட்டுக்குப் போனாள். இரவு அங்கேயே படுத்துக்கொண்டாள். இன்று காலை வாசலில் நின்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். “நான் வாபஸ் வாங்க மாட்டேன்.”

நாளையோடு தொண்ணூறு நாள் முடிகிறது. அதனால்தான் உங்களிடம் வந்தேன், சார். இங்கே கம்பி இருக்கிறது, காவலுக்கு ஆள் இருக்கிறது. சூளை மத்தியானத்துக்குள் ஆறிவிடும், வாயில் அடுக்கிய செங்கலை மேல் வரிசையிலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள்.

மணிபாரதியை உள்ளே வைத்து எரித்தது நான்தான். எந்த செக்‌ஷன் வேண்டுமானாலும் போடுங்கள், தூக்கு என்றாலும் கையெழுத்துப் போடுகிறேன். பாட்டை அனுப்பியது நான் என்கிற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அனுசியாவுக்கு அது இன்னும் தெரியாது, யாராவது அவளுக்குப் படித்துக் காட்டிவிடுவார்கள்.